எடுக்காத முக்காடு

ஊரப்பாக்கம் ஹெப்சிபா டீச்சருக்கு ஐம்பத்து நாலு வயது. வகுப்பையே ஒரு பார்வையில் அடக்குகிறவள். முடிக்குப் பூசிய டை ஒத்துக்கொள்ளாமல் தலை புண்ணாகி, டாக்டர் நிறுத்தச் சொன்னதும் நடுங்கிப்போனாள். வகிட்டில் வெள்ளை ஏறியபோது பள்ளிக்கு லீவு போட்டாள். ஞாயிறு ஆராதனைக்கு லீவு போட முடியுமா?

ஜெபத்துக்குப் போட்ட முக்காட்டை கடைசி ஆசீர்வாதம் முடிந்தும் எடுக்காமல், குனிந்தே உட்கார்ந்திருந்தாள். ஏதோ துக்கம் என்று பதறிப் பாஸ்டரம்மா பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

“வீட்ல ஏதாவது பிரச்சனையா சிஸ்டர்? சொல்லுங்க, ஜெபிக்கலாம்.”

ஹெப்சிபா முந்தானையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். “டை ஒத்துக்கலம்மா. டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டார்.”

பாஸ்டரம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, கருகருவென்றிருந்த தன் தலையைச் சொறிந்துகொண்டார்.

“எனக்கும் தாங்க முடியாம அரிக்குது சிஸ்டர். இந்த வாரம் நீங்க முக்காட்டை எடுங்க. யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா நானும் டையை நிறுத்திடறேன்.”