விசாலம் மாமியின் காது

விசாலம் மாமியின் காதில் எந்தக் குறையும் இருக்கவில்லை. இருந்ததாகச் சொன்னார்கள், அவரையே நம்பவைத்தார்கள், அவர் போன பிறகு அஞ்சலியிலும் அதையே எழுதினார்கள். இது அநியாயம். பழைய கார் வைத்திருக்கும் நம் சங்கத்தார் எல்லோரும் படிக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

சாலை பஜாரில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது மாமியின் அண்ணன் மகன் ரவி அழைத்தான். "அண்ணாச்சி, அத்தை போயிட்டா. தூக்கத்துலயே." பையைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு ஸ்ரீவராகத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். வழியிலேயே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளரின் அஞ்சலி வந்துவிட்டது. படம் நல்ல படம்தான். கீழே மலையாளத்தில் ஒரு வரி: இல்லாத சத்தத்தையும் கேட்கும் அளவுக்குத் தன் அம்பாசடரை நேசித்த அம்மா. அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். ஒருவர்கூட மறுக்கவில்லை.

ஆரியசாலையில் எனக்கு உதிரிபாகக் கடை இருந்தது. தொழிலை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தேய்ந்து திரும்பி வந்த பாகங்களைத் தொட்டுத் தொட்டுக் கற்றுக்கொண்டேன். மாமி அங்கே வாடிக்கையாளராக வந்தவர். தன் அப்பா விட்டுப்போன வண்டியை இன்னொருவர் ஓட்ட அவர் விட்டதில்லை. ஒருமுறை நானும் அவரோடு விழிஞ்ஞம் போகும் வழியில், முன்னும் பின்னும் துறைமுகத்து லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, திடீரென்று வண்டியை ஓரங்கட்டினார்.

"ஃபேன் பெல்ட் கீச்சுங்கறது. கேக்கலை?"

எனக்கு லாரிதான் கேட்டது. பானெட்டைத் தூக்கினால் பெல்ட் ஓரம் பிய்ந்து கிடந்தது.

"நீர் பார்ட்ஸ் விக்கத்தான் லாயக்கு, அண்ணாச்சி" என்றார். எனக்குக் கோபம் வந்தது.

போன மழைக்காலம் முடிந்ததும் எஞ்சினில் ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார். வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற இரும்புக் கைகள் அதில் எட்டு உண்டு. எல்லாம் ஒரே தண்டில் வரிசையாக ஆடும். மாமி ஸ்குரூ டிரைவரின் நுனியை ராக்கர் மூடிமேல் ஊன்றி, மரப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "எட்டுப் பொண்ணுல மூணாவது மட்டும் கொலுசு போட்டுண்டு நடக்கறா" என்று போனில் சிரித்தார். அப்போது நான் கண் ஆபரேஷனுக்காக நாகர்கோவிலில் மகள் வீட்டில் இருந்தேன். அவர் சங்கத்தின் இலவசப் பரிசோதனை முகாமுக்கு வண்டியைக் கொண்டுபோனார்.

அங்கே நடந்ததை ரவி சொன்னான். மெக்கானிக் பிஜு, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே நுழைத்தான். அளவு சரியாக இருந்தது.

"அம்மே, கேஜ் கள்ளம் பறயில்லல்லோ. செவி ஒந்நு டாக்டரெ காணிக்கூ" என்று காதை டாக்டரிடம் காட்டச் சொன்னான்.

"கேஜ் பொய் சொல்லாது, சரிப்பா. எஞ்சின் மட்டும் சொல்லுமா?"

செயலாளர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்தாராம். வீட்டுக்கு வந்து வண்டிக்கு உறை போட்டவர் பிறகு அதை எடுக்கவே இல்லை.

ஊர் திரும்பியதும் நான் போய், மூடியைத் திறந்து பார்ப்போம் என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. திறந்து ஒண்ணுமே இல்லேன்னா? அப்பறம் நான் எதை நம்பறது?"

நான் எவ்வளவோ மன்றாடினேன். அவர் அசையவில்லை. கச்சேரிக்குப் போவதையும் நிறுத்திவிட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "சுருதி சேரலைன்னு தோணறது. அவாளா, நானான்னு தெரியலை" என்றார். வாழ்நாள் முழுக்கத் தன் காதை நம்பிய ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை.

காரியங்கள் முடிந்ததும், வண்டியை விற்கும் முன் பார்த்துத் தரும்படி ரவி கூப்பிட்டான். மூடியைத் திறந்தேன். கேஜ் சரியாகவே நுழைந்தது. பிறகு மூன்றாவது ராக்கரைத் தளர்த்திப் பின்னால் சாய்த்து, வால்வில் படும் அதன் அடிமுகத்தை விரலால் தடவினேன். பள்ளம். வால்வின் நுனி அந்தப் பள்ளத்துக்குள் இடிக்கும். அதைவிட அகலமான தகடு இரண்டு கரையிலும் பாலம்போலப் படிந்து, நடுவில் உள்ள பள்ளத்தை விட்டுவிட்டு அளக்கும்; அளவு சரியாகக் காட்டும், சத்தம் மட்டும் வரும். தண்டைக் கழற்றி அடிப்பக்கத்தில் நகத்தை ஓட்டினேன்; அந்த ராக்கர் ஆடிய இடத்தில் நகம் தேய்மானத்தில் தடுக்கி நின்றது.

ரவியும் தொட்டுப் பார்த்தான். "அப்போ அத்தை சொன்னது கரெக்டா, அண்ணாச்சி?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மாமிக்குச் சொல்ல வேண்டிய பதிலை அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். செயலாளர் அதே குழுவில், அதே மலையாளத்தில், தான் எழுதிய வரி தவறு என்று எழுத வேண்டும். கைகூப்பியவர்கள் அதற்கும் கைகூப்ப வேண்டும். முகாமில் சிரித்தவர்கள் ஸ்ரீவராகம் வீட்டுக்குப் போய், அவர் படத்தின் முன் நிற்க வேண்டும். ரவி புதுத் தண்டும் ராக்கர்களும் போடாமல் வண்டியை விற்கக் கூடாது. வாங்குபவரிடம், சத்தத்தைக் கண்டுபிடித்தது அத்தை என்று சொல்லித்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். பழைய தண்டையும் ஏழு ராக்கர்களையும் அவன் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். மூன்றாவது என்னிடம் இருக்கும். நான் இருக்கும்வரை யாருக்கும் தர மாட்டேன். பிஜு ஆரியசாலையில் என் வீட்டுக்கு வந்து அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கேஜ் கொண்டுவர வேண்டாம்.