உனோசுகே தேடிய நீலம்

என் வீட்டுக்காரர் உனோசுகே ஓர் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. சோற்றுக் கிண்ணத்தைப் பிடித்தபடியே வாசலுக்கும் அச்சுப் பலகைக்கும் நடப்பார். எடோ நகருக்குள்ளேயே ஏழு வீடு மாறிவிட்டோம். ஒரு வீட்டில் வெளிச்சம் போதாது, இன்னொன்றில் பக்கத்து வீட்டுக் குறட்டை. செதுக்கிய மரப்பலகையில் நிறம் பூசிப் பூப்படங்கள் அச்சிடுவது அவர் தொழில். காகிதத்தை ஈரப்படுத்திக் கொடுப்பது என் வேலை; அவர் பின்னால் ஓடுவதும் என் வேலைதான்.

பதினோரு வருடத்துக்கு முன், கோடை முடியும் சமயத்தில், இரியாப் பேட்டைத் தோட்டக்காரர் ஜின்பாச்சி ஒரு தொட்டியோடு வந்தார். விடியலில் விரிந்து வெயில் ஏறுமுன் வாடிவிடும் காலைப்பூக் கொடி. இதழ்கள் கிழித்துவிட்ட துணி மாதிரி தொங்கும் அபூர்வ ரகம். நிறம் புகை படிந்த நீலம். ஊரே காலைப்பூப் பைத்தியம் பிடித்து அலைந்த காலம் அது.

"அண்ணே, இது விதை கட்டாதுண்ணே. பனி விழுந்தா கதை முடிஞ்சுது. மிச்சம் ரெண்டே மொட்டு. பலகை செதுக்கியாச்சு, நெறம் ஒங்க கையில. படத்துலயாவது இது இருக்கணும்," என்றார்.

மறுநாள் விடியலில் முதல் மொட்டு விரிந்தது. இவர் அவுரி நீலத்தில் துளி சிவப்பைக் கலந்து அச்சிட்டு, தாளைப் பூவோடு சேர்த்துப் பிடித்தார். அச்சு அசல்! குதித்தார்.

"காயட்டுங்க," என்றேன்.

"எனக்கே பாடமா? போடீ!"

ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் நிறம் காய்ந்தால் வெளுக்கும் என்பது அச்சுக்காரன் வீட்டுப் பூனைக்கும் தெரியும். பூ வாடிவிடுமே என்ற பதற்றத்தில் இவருக்கு மறந்துவிட்டது. தாள் காய்ந்து வெளுத்தபோது, ஒப்பிட்டுப் பார்க்கப் பூ இல்லை, சுருங்கிக் கிடந்தது.

அன்று பகல் முழுக்க இருபத்தாறு விதமான நீலம் அச்சிட்டு, எண் போட்டு, கயிற்றில் தொங்கவிட்டார். காய்ந்த தாள்களைக் கடைசிப் பூவோடு வைத்துப் பார்ப்பதாக ஏற்பாடு.

"தொட்டுத் தொட்டுப் பாத்தா காஞ்சிருமா? ஒக்காருங்க."

"ஒக்காந்தா மட்டும் காஞ்சிருமா?"

விடிந்தது. பூ விரிந்தது. பதினொன்றாம் தாளில் சிவப்பு ஒரு பொட்டு அதிகம், பன்னிரண்டில் ஒரு பொட்டுக் குறைவு. சரியான நிறம் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. கலந்து, அச்சிட்டுக் காயவைக்க நேரமில்லை; இதழ் ஓரம் சுருள ஆரம்பித்துவிட்டது. ஜின்பாச்சி பன்னிரண்டாம் தாளைப் பிடுங்கி, "இதேதாண்ணே!" என்று அழுதார்.

இவர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. ஒத்துப்போகுதா?"

"அப்படியே இருக்குங்க," என்றேன். பொய்தான். மனிதர் தூங்கி இரண்டு நாளாகியிருந்தது.

இருநூறு தாள் அச்சாகின. பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். பனியில் கொடி செத்தது. இவர் மட்டும் ஓயவில்லை. இன்றுவரை கோடை பிறந்தால் நினைவிலிருந்தே நீலம் கலக்கிறார்.

நேற்றும், நான் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு தாளை மூக்குக்கு நேரே நீட்டினார். "இதுதானே? நல்லாப் பாத்துச் சொல்லு."

கண்ணை மூடினால் அந்தப் பன்னிரண்டாம் தாள்தான் வருகிறது, பூ வரவில்லை. ஜின்பாச்சிக்கும் அப்படித்தான் இருக்கும். அந்தப் பூவை இன்னமும் பார்த்துக்கொண்டிருப்பவர் இவர் ஒருவர்தான். அவரிடம் போய் எனக்கு மறந்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது?

"இன்னும் ஒரு பொட்டுச் சிவப்பு வேணுங்க," என்றேன்.

"அதானே!" என்று ஓடினார்.