வேறு யாரும் இல்லை

பார்வையில்லாத ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன். அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். ஓர் ஆளை மறைத்துவிட்டேன்.

இதற்கே முகம் சுளிக்காதீர்கள்... இன்னும் இருக்கிறது.

கவிதா திருவானைக்காவலில் ஒரு விடுதியில் தங்கிப் படித்தவள். விடுதி நிர்வாகி தன்னிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்று புகார் கொடுத்திருந்தாள். திருச்சியில் விசாரணை. அவளை அழைத்துவந்து கூடவே இருக்க என்னைத் துணையாகப் போட்டிருந்தார்கள். துணை!

ஸ்ரீரங்கத்தில் அவள் வீட்டிலிருந்து ஆட்டோவில் வரும்போது போனில் யாருடனோ சிரித்துப் பேசினாள். எனக்குச் சுருக்கென்றது. அடிபட்டவள் இப்படியா சிரிப்பாள்? இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை? என் புத்தி அப்படி. தண்ணீர் கலக்கிறார் என்று பால்காரரையே தினமும் முறைப்பவள் நான்.

என் முழங்கையைப் பிடித்தபடி உள்ளே வந்தாள். விசாரணை அதிகாரி, டைப் அடிக்கும் பெண்... சுவரோரம் அந்த நிர்வாகி! அதிகாரி என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

"அக்கா, உள்ள யாரெல்லாம் இருக்காங்க?"

"சாரும் டைப் அடிக்கிறவங்களும்தான்மா. வேற யாரும் இல்ல."

அதிகாரிக்குப் பயந்தேன் என்றால் நம்பிவிடுவீர்கள். அது பாதிதான். அவள் பேசப் பேச அந்த ஆளின் முகத்தைக் கவனித்தால் யார் சொல்வது பொய் என்று கண்டுபிடித்துவிடலாம் என நினைத்தேன். என்னை யார் நீதிபதியாக்கியது?

பேசினாள். அவர் முகம் வெளுத்தது. எனக்குத் தெரிந்துவிட்டது... அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லையே!

நாக்கு வறண்டு தண்ணீர் கேட்டாள். நான் எழுவதற்குள் அந்த நிர்வாகியே டம்ளரை எடுத்து அவள் கையில் வைத்தார். விரல்கள் பட்டன.

கவிதா விறைத்துப் போனாள். மேசையைத் தடவி டம்ளரை வைத்தாள்.

"நான் சொன்னதெல்லாம் பொய்ங்க. விட்டுருங்க."

அதை அப்படியே டைப் அடித்துக்கொண்டார்கள். புகார் முடிந்தது. அந்த விடுதியில் இன்றும் பெண்கள் தங்கிப் படிக்கிறார்கள்.

படி இறங்கும்போது முழங்கையை நீட்டினேன். சுவரைத் தடவிக்கொண்டு போனாள்.

அவரை உள்ளே அழைத்தது யார்? எல்லோரையும் சந்தேகப்பட்டுப் பார்த்துவிட்டேன். எந்தப் பக்கம் போனாலும் என்னிடம்தான் வந்து நிற்கிறது.

போன மாதம் திருவானைக்காவல் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். உச்சி வெயில். எங்கள் இருவரைத் தவிர ஆளில்லை. என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"யாரோ நிக்கிறீங்கல்ல? ஸ்ரீரங்கம் பஸ் வந்தா கொஞ்சம் சொல்லுங்க."

மூச்சை அடக்கிக்கொண்டேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, சுடுகிற தார் ரோட்டில் சத்தமில்லாமல் நடந்துவிட்டேன்.