மேற்கு ஜன்னல் மீது ஒரு சந்தேகம்

போன சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பை தயாராக நின்றது. அண்ணியின் பை. அதற்குள் கைக்குழந்தையின் துணிகள், வேர்க்குரு பவுடர், ஒரு போர்வை. மறுநாள் காலை பஸ்ஸில் ஒடுகத்தூருக்கு, அவருடைய அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறார். எப்போது திரும்புவார்?

"மழை பெய்யட்டும், பாக்கலாம்" என்றார் அண்ணி.

ஆம்பூரில் மழையை நம்பி ஒருவர் தேதி சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? அண்ணன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

சண்டை எதுவும் இல்லை. எல்லாம் அண்ணனும் அண்ணியும் இருக்கும் மாடி அறையால் வந்தது. மேலே கான்கிரீட் தளம், உள்ளே சுடுகாற்றைச் சுற்றிச் சுற்றித் தரும் ஃபேன். குழந்தைக்குக் கழுத்து, முதுகு எல்லாம் வேர்க்குரு. பால் குடிக்கும்போதே அழுகிறான். கீழே இருக்கும் ஒரே அறையில் அம்மா, நான், அம்மாவின் தையல் மிஷின்... அங்கே ஒரு தொட்டிலுக்கும் இடமில்லை.

ஏசி போடலாம் என்றான் அண்ணன். "பச்சக் கொழந்தைக்கு சளி கட்டும்" என்றார் அம்மா. எனக்குச் சந்தேகம் எங்கள் தெரு கரன்ட் மீது — சாயங்காலம் ஆனால் ட்யூப் லைட்டே எரிவதா வேண்டாமா என்று யோசிக்கும்.

வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் ஷூ கம்பெனி லேபில் வேலை பார்க்கிறேன். பசை நன்றாக ஒட்டியிருக்கிறது என்று யார் சொன்னாலும், ஷூவின் அடியில் ஒட்டிய சோலைப் பிடித்து இழுத்துப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிடுகிறது.

அன்று பகலில் அண்ணன் கூப்பிட்டதாகச் சொல்லி ஒருவர் வந்தார். கூரைக்குக் கூலிங் பெயின்ட் அடிப்பவர். மொட்டை மாடியில் இரண்டு தகடுகளை எடுத்துவைத்து, வெப்பம் பார்க்கும் கருவியைத் துப்பாக்கி மாதிரி நீட்டினார்.

"இது சாதா தகடு மேடம். இது நம்ம பெயின்ட் அடிச்சது. எவ்ளோ கம்மியா காட்டுது பாருங்க."

கம்மியாகத்தான் காட்டியது. ஆனால் சாதா தகடு அவர் பைக்கின் பின்சீட்டில் வெயில் குடித்துக்கொண்டே வந்தது. பெயின்ட் அடித்த தகடு தோள்பைக்குள் நிழலில் வந்தது.

"அண்ணா, ரெண்டையும் இந்தச் சுவர் மேல பக்கத்துல பக்கத்துல வைங்க. நான் டீ போட்டு எடுத்துட்டு வர்றேன். குடிச்சிட்டு மறுபடியும் பாக்கலாம்."

"டீ எல்லாம் வேணாம் மேடம். பேர்ணாம்பட்ல ஒரு பார்ட்டி வெயிட்டிங்."

பைக் சத்தம் அடங்கியதும் அண்ணன் முறைத்தான். "இன்னா நீ, ஒருத்தனையும் நம்ப மாட்டியா?"

"நம்பறதுக்கு ஒரு டீ நேரம் கேட்டேன். அதையும் அவரு குடுக்கலயே ணா."

வெள்ளை அடித்தால் சூடு குறையும் என்பது உண்மைதான். நாங்கள் ஏற்கெனவே தளத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தோம். பகலில் ஓரளவு குறைந்தது. சாயங்காலம்தான் அறை அப்படியே வெந்துகொண்டிருந்தது. ஏன்?

பொழுது சாய்ந்ததும் மாடிக்கு ஒரு தெர்மாமீட்டரோடு போனேன். வெளியே சூடு இறங்கிவிட்டிருந்தது. மலைப் பக்கமிருந்து காற்று லேசாக வீசியது. அறைக்குள் நுழைந்தால் இன்னும் நடு மதியம். உள்ளே வந்த சூடு ஏன் வெளியே போகவில்லை? அதன் வழியை யார் மறித்து நிற்கிறார்கள்?

அப்போதுதான் பீரோவின் பின்னால் பார்த்தேன்.

அங்கே ஒரு ஜன்னல் இருக்கிறது. மேற்கு ஜன்னல். வீட்டுக்குப் பின்னால் தோல் பதனிடும் டேனரி இருந்த காலத்தில், சாயங்காலம் காற்று திரும்பினால் பச்சைத் தோல் நாற்றம் நேராகச் சோற்றுத் தட்டுக்கு வரும். அதனால் அண்ணன் தான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியிலிருந்து சோல் ஷீட் துண்டுகளைக் கொண்டுவந்து, சட்டத்தைச் சுற்றி ஷூ பசையால் ஒட்டிவிட்டான். அதன் பிறகு எங்கள் கணக்கில் அது ஜன்னலே இல்லை, சுவர். டேனரியை எப்போதோ மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபத்துக்குக் கடைக்கால் போடுகிறார்கள். நாங்கள் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டே வாழ்கிறோம்.

"கல்யாணம் ஆகி வந்த அன்னிக்கே கேட்டேன், இது ஏன் மூடியிருக்குன்னு" என்றார் அண்ணி. "நாத்தம்னாங்க. சரின்னு விட்டுட்டேன்."

அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "தொறந்தீங்கன்னா ராத்திரிக்கு ஒருத்தருக்கும் சோறு எறங்காது, சொல்லிட்டேன்."

பீரோவை நகர்த்தினோம். லேபில் தொட்டாலே பிரிந்து என் உயிரை வாங்கும் பசை, அன்று பார்த்துப் பிரிய மறுத்தது. கத்தியால் அறுத்து, அண்ணன் தோளால் ஒரு இடி இடித்த பிறகே கதவு திறந்தது. எல்லோரும் அப்படியே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தோம். சிமென்ட் வாசனை. அவ்வளவுதான்.

"இன்னிக்கு காத்து மாறி அடிக்குது. நாளைக்குப் பாரு" என்றார் அம்மா.

கொசுவுக்காக, ஷூவின் உள்பக்கத்துக்குப் போடும் வலைத் துணியை அண்ணன் சட்டத்தில் ஒட்டினான். அதே பசைதான். கிழக்கு ஜன்னலையும் திறந்துவிட்டோம். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகத் தொடங்கியது. வெயில் ஏறினால் இரண்டையும் மூடித் திரை போட வேண்டும், வெயில் சாய்ந்தால் திறக்க வேண்டும் என்று சொல்லிவைத்தேன். அன்று இரவு மேலிருந்து அழுகைச் சத்தம் அதிகம் வரவில்லை. ஒரு நாள் ரிசல்ட்டை நம்பக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பை கூடத்திலேயே நின்றது.

ஞாயிறு காலை அம்மாவும் நானும் காபியோடு மாடி ஏறினோம். அண்ணன் ஜன்னலருகே மூக்கை விடைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"நான் அப்பவே நெனச்சேன். வருது பாரு நாத்தம்."

"அது டேனரி இல்லீங்க" என்றார் அண்ணி, தொட்டிலைப் பார்த்தபடி. "உங்க புள்ள. மாத்துத் துணி கீழ பையில இருக்கு, எடுத்துட்டு வாங்க."

அண்ணன் துணியை மட்டும் எடுத்துவரவில்லை. பையையே மேலே தூக்கிவந்து கட்டிலடியில் தள்ளிவிட்டான். அண்ணி குனிந்து அதிலிருந்து மாற்றுத் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு, பையைத் திரும்பவும் உள்ளே தள்ளினார்.

அம்மா மட்டும் இன்னும் அந்த ஜன்னலை நம்பவில்லை.