கொக்குச் சாயம்

நீலத் தொட்டியில் முக்கி எடுத்த விரலை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்புக் காரம் ஏறல" என்று துப்புகிறார் துளசிராம். எச்சில் நீலமாய்ப் போய் விழுகிறது. வயது நாற்பத்தைந்து. இடது கை முழங்கை வரை நீலம், வலது கை முழங்கை வரை அரக்குச் சிவப்பு. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் கோபப்பட மாட்டார். "ஒட்டாதுங்க, பயப்படாதீங்க. ஒட்டுற சாயமா இருந்தா என் வீட்டுக்காரி என்னைக்கோ செவந்திருப்பா" என்பார். மனைவி வசுந்தரா பின்வரிசையிலிருந்து சௌராஷ்டிர பாஷையில் ஏதோ பதில் சொல்வார். அதை மட்டும் துளசிராம் யாருக்கும் தமிழில் பெயர்த்துச் சொன்னதில்லை.

மதுரை முனிச்சாலைப் பக்கம் அவருடைய பட்டறை. சுங்குடிப் புடவைக்கு முடிச்சுப் போடுவது வீட்டுப் பெண்களின் வேலை. முடிச்சுப் போட்ட துணியைத் தொட்டியில் முக்கி எடுப்பது இவர் வேலை. கை துணியைப் பிழிய, வாய் தெருவைப் பிழியும். எந்த வீட்டில் மாமியார் பேச்சை நிறுத்தினாள், யார் எந்த ஓட்டலில் மறைவாக முட்டை தின்றார் என்பதெல்லாம் ஒரு புடவை நனைந்து ஊறுவதற்குள் தெரிந்துகொண்டு விடலாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். வாத்தியார்தான் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினார் என்பது அவர் சொல்லும் கதை.

பட்டறைக்குப் பின்னால் ஒரு குட்டை. மழைத் தண்ணீர் பாதி, சாயத் தண்ணீர் பாதி. தவளைகளுக்கு அது பழகிவிட்டது. அங்கே குருட்டுக் கொக்கு ஒன்று வந்து நிற்கும். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, கூன் விழுந்த கிழவன் போல, மண்ணோடு மண்ணாக நிற்கும். மிதிக்கப் போகிற சமயத்தில்தான் அங்கே ஒரு பறவை இருப்பதே தெரியும். சட்டென்று வெள்ளைவெளேரென்று இரண்டு சிறகு விரியும். பழுப்புக் கோணிக்குள் மல் வேட்டியை மடித்து வைத்தது போல. இதைக் குருடு என்று ஊர் சொல்கிறது. துளசிராம் கணக்கில் அதற்கு அவரைவிட நல்ல கண். தலைப்பிரட்டை வால் ஆட்டுவதற்குள் அது தொண்டையில் இருக்கும்.

ஆனி மாதத்தில் கொக்கு கோலம் மாறும். முதுகு அரக்குச் சிவப்பாகும். கழுத்து வைக்கோல் நிறம். பிடரியில் வெள்ளை நூல் நாலைந்து தொங்கும். அலகின் அடியில் நீலம் ஏறும், சில நாள் கால்கூடச் சிவக்கும். வருஷந்தோறும் இது நடக்கிறது என்பது துளசிராமுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் போன ஆனியில் துணி வாங்க வந்த ஒருவர் "இதென்ன பறவை?" என்று கேட்டபோது அவர் வாய் சும்மா இருக்கவில்லை.

"நம்ம கொக்குதாண்ணே. செவப்புத் தொட்டில குளிச்சிருச்சு. நீலத் தொட்டில மூக்க விட்டுருச்சு. நம்ம சாயத்த ஒரு தடவ முக்குனாப் போதும், பாத்துக்கங்க."

தெரு நம்பியது. முதுகுச் சிவப்பும் மூக்கு நீலமும் கண்ணெதிரே இருக்கும்போது நம்பாமல் என்ன செய்யும்? வேறு பேட்டையிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். துளசிராம் கொக்குக்கு விருந்தாளி வந்த மாதிரி அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

புரட்டாசியில் கொக்கு வெளுத்தது.

எதிர்ப் பட்டறை சந்தானம் இதற்காகவே காத்திருந்தவர். கொக்கு மேலேயே மூன்று மாதம் நிற்காத சாயம் என்று கடைக்குக் கடை சொல்லி வைத்தார். துளசிராமின் சரக்குக்குக் 'கொக்குச் சாயம்' என்று பேரே விழுந்தது. காஜிமார் தெரு அப்துல் வஹீது கொழும்புக்கு அனுப்புகிற சுங்குடி முழுவதையும் இவரிடம்தான் சாயம் போடக் கொடுப்பார். அந்தத் துணி வராவிட்டால் தை வரைக்கும் தொட்டி காய வேண்டியதுதான். துணி வரவில்லை. வஹீதுதான் வந்தார்.

"ஏம்ப்பா துளசி, கொக்கு எங்க?"

"பின்னாடிதான் நிக்குது பாய்."

வஹீது எட்டிப் பார்த்தார். "வெளுத்துப் போச்சேப்பா."

"எறகு உதுருற காலம் பாய். அதுக்கும் சாயத்துக்கும் சம்பந்தம் இல்ல."

"நீதானய்யா சம்பந்தம் பேசுன. கொழும்புக்காரன் வரைக்கும் நான் சொல்லிட்டேன்."

"சும்மா பேச்சுக்குச் சொன்னேன்."

"அப்ப சாயம் கெட்டின்னு இத்தன வருசமாச் சொன்னியே, அதுவும் பேச்சுக்கா?"

பொய்யை ஒரே நாளில் நம்பியவர்கள் உண்மைக்குச் சாட்சி கேட்டார்கள். மறுநாள் காலை துளசிராம், கடைகளில் காட்டும் மாதிரித் துணிக் கட்டை அக்குளில் இடுக்கி, ஒரு ஜட்கா வண்டியைப் பிடித்துக்கொண்டு காஜிமார் தெருவில் போய் நின்றார்.

"சமயநல்லூருக்குக் கொக்குப் பாக்கவா? கடைய விட்டுட்டா?" என்றார் வஹீது.

"ஜும்மாத் தொழுகைக்குள்ள திரும்பிரலாம் பாய். ஏறுங்க."

சமயநல்லூர்க் கண்மாய் சுருங்கிச் சேறாகிக் கிடந்தது. சேற்றில் முப்பது நாற்பது கொக்கு, ஒன்றையொன்று தெரியாத மாதிரி தள்ளித் தள்ளி நின்றன. சிலது முழுக்கப் பழுப்பு. சிலதுக்கு முதுகில் அங்கங்கே சிவப்பு மிச்சம். ஓரத்தில் அழகம்மாள் என்ற பெண் கூடையில் நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இங்கிட்டுச் சாயப் பட்டறை எதுவும் உண்டா?" என்று கேட்டார் வஹீது.

"சாயமா? இங்க வேட்டி வெளுக்கவே தண்ணி இல்ல."

"பெறகு இதுகளுக்கு எப்படிச் செவப்பு வந்துச்சு?"

அவள் நிமிர்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆனியில சோடி சேரயில மாப்பிள்ளக் கோலம் போடும். குஞ்சு பறந்துருச்சுன்னா எல்லாத்தையும் கழட்டிப் போட்டுரும். வருசா வருசம் இதான். சாயம்னு எந்தக் கூறுகெட்டவன் சொன்னான்?"

"இவருதான்."

துளசிராம் கண்மாயின் அக்கரையைப் பார்த்தார்.

வஹீது குனிந்து சேற்றிலிருந்து ஓர் இறகை எடுத்தார். மயிர் மயிராகப் பிரிந்த அரக்குச் சிவப்பு இறகு. அலசி, நாக்கில் ஈரப்படுத்தி, தன் வெள்ளை ஜிப்பாக் கையில் அழுத்தி மூன்று முறை தேய்த்தார். வெயிலில் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"கெட்டிச் சாயம்" என்றார். "உன்னுது இல்லங்கிறது தெரிஞ்சு போச்சு."

"அதக் காட்டத்தான பாய் இம்புட்டுத் தூரம்."

"சரி. திங்கக்கிழம வந்து துணிய எடுத்துக்க. இனிமே சாயத்தப் பத்தி மட்டும் பேசு."

"சத்தியமா பாய்."

வஹீது இறகைக் கீழே போட்டுவிட்டு ஜட்காவை நோக்கி நடந்தார். துளசிராமும் பின்னாலேயே இரண்டு எட்டு வைத்தார். பிறகு நின்றார். வஹீது திரும்பவில்லை என்று தெரிந்ததும் இறகை எடுத்து, வேட்டித் தலைப்பில் ஈரம் ஒற்றி, அக்குளில் இடுக்கியிருந்த மாதிரித் துணிக் கட்டை அவிழ்த்து, அரக்குச் சிவப்புத் துண்டுகளுக்கு நடுவே வாட்டமாகச் செருகிக் கட்டினார்.