கடைசி ஆள் இறங்கும் வரை

என் அண்ணி நாற்பத்தைந்து வயதில் லாங்போர்டு வாங்கினார். நான்கு சக்கரம் வைத்த நீளமான பலகை அது. அதன்மேல் நின்றுகொண்டு மேட்டிலிருந்து இறங்குவார்கள். இந்தச் செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் நடந்த பேச்சை அப்படியே எழுதினால் அண்ணி என் முகத்தில் முழிக்க மாட்டார். "அவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சு" என்றாள் என் அக்கா. "பாவம், விடுங்க" என்றாள் என் மனைவி. நான் பல் செட் செய்கிறவன். "விழுந்து பல்லை உடைச்சுக்கிட்டா எங்கிட்டதான் வந்தாகணும்" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். எங்கள் குடும்பத்தில் அக்கறை என்றால் பெரும்பாலும் அவ்வளவுதான்.

அண்ணி டயர் கடையில் வேலை பார்க்கிறார். கல்லாவில் அல்ல, காருக்கு அடியில், குழிக்குள். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று யாராவது வந்தால் சக்கரங்களை நேராக்கி அனுப்புவது அவர் வேலை. என் அண்ணன் இறந்த மறுவாரமே மறுபடி வேலைக்குப் போய்க் குழிக்குள் இறங்கிவிட்டார். "வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போறேன்?" என்றார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். சண்டை போடக்கூட நேரம் கொடுக்கவில்லை என்று அண்ணி ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வார நாட்களைக் கடை விழுங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் வில்லங்கம். அண்ணி ஒரு பை நிறையத் துணியை எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து, மேட்டுச்சாலையின் அடிவாரத்தில் இருக்கும் லாண்டரிக்குப் போவார். காசு போட்டால் மெஷின் ஓடும், உட்கார பெஞ்சு உண்டு. வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. "அப்புறம் எதுக்கு இவ்ளோ தூரம்?" என்று கேட்டேன். "அங்க நாலு பேர் இருப்பாங்க, தம்பி" என்றார். அந்த நாலு பேரும் இவரோடு பேசுவதில்லை. துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அங்கேதான் அவர்களைப் பார்த்திருக்கிறார். ஞாயிறு காலையில் மேட்டுச்சாலையில் வண்டிகள் வராமல் அடைத்துவிடுவார்கள். ஏழெட்டுப் பேர் பலகைகளில் இறங்குவார்கள். அந்த வேகம், அந்த வளைவு எதுவும் அண்ணியைக் கவரவில்லை. கீழே வந்து சேர்ந்தவர்கள் செய்ததைத்தான் அவர் லாண்டரிக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வந்த கையோடு கிளம்புவதில்லை. ஓரமாக நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசி ஆள் வந்து நின்றதும் ஒரு பெண் கையைத் தூக்கி, "எல்லாரும் வந்தாச்சு" என்பாள். அதற்குப் பிறகுதான் கலைவார்கள்.

"ஒரு நாள் கடைசி ஆளுக்குச் சக்கரத்துல ஏதோ கோளாறு போல. நடந்தே இறங்கி வந்தாரு. எனக்குத் துணி தோச்சு, காஞ்சு, மடிச்சும் வச்சாச்சு. அது வரைக்கும் ஒருத்தரும் நகரல, தம்பி" என்றார் அண்ணி. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு அங்க ஒரு தடவை கடைசி ஆளா வரணும்" என்றார்.

அவருக்கு வேண்டியது அதுதான். வேறு ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தக் கூட்டத்தில் சும்மா போய் ஒட்டிக்கொள்ள முடியாது. கையைத் தூக்கும் அந்தப் பெண் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். பை நிறைய மருந்துத்துணி வைத்திருப்பதால் எல்லோருக்கும் அவள் பிளாஸ்திரி. சாலையின் கீழ்ப்பகுதியில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவாள். சற்று மேலிருந்து வேகமாக வந்து, சறுக்கி, கோட்டைத் தொடாமல் நிற்க வேண்டும். நின்றால் சேர்த்துக்கொள்வார்கள். பலகைக்கு பிரேக் கிடையாது. வேகத்தில் காலைத் தரையில் வைத்தால் கால் போய்விடும். உடம்பைத் தாழ்த்தி, ஒரு கையைப் பின்னால் தரையில் வைத்து, பலகையைக் குறுக்கே திருப்பிச் சக்கரங்களை வழுக்க விட வேண்டும். அந்த வழுக்கல்தான் பிரேக். நிற்கத் தெரியாத ஒருவர் முன்னால் போகிறவரையும் சேர்த்து இழுத்துப்போட்டுவிடுவார் என்பதால் இந்தக் கெடுபிடி.

டயர் கடைக்காரியிடம் போய் வழுக்கு என்றால் என்ன ஆகும்? அண்ணி தன் வாழ்நாள் முழுக்க வழுக்காமல் இருப்பதற்காகவே வேலை பார்த்தவர். பலகை விற்கும் கடையில் சக்கரங்களை ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்திருக்கிறார். கடைக்காரர் ஏதோ சொல்ல வந்திருக்கிறார். "எனக்கு ரப்பர் தெரியும்" என்று அவர் வாயை அடைத்துவிட்டு, இருப்பதிலேயே மெத்தென்று, அகலமாக, விளிம்பு கூராக இருந்ததை வாங்கி வந்தார். தரையை விடவே விடாது என்று அவருக்குப் பெருமை. பலகையும் அப்படித்தான், காலுக்கு இதமாக வளைந்து கொடுக்கும் நீளப் பலகை. கையுறைக்கு டயர் கடையில் போட்டுக்கொள்ளும் தோல் கையுறையே போதும் என்று முடிவு செய்துவிட்டார்.

அந்த வாரம் அண்ணன் பெயரில் எங்கள் வீட்டுக்குத் தவறி வந்த ஒரு பார்சலைக் கொடுக்கப் போனேன். கதவைத் திறந்த அண்ணியின் தாடை சிவந்து உரிந்திருந்தது, வலது கையில் கட்டு. உள்ளே போய் முதலில் நான் செய்தது அவரை விளக்குக்குக் கீழே உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னதுதான். பற்கள் எல்லாம் இருந்தன. அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது.

"எப்படி ஆச்சு?"

"திருப்பினேன். சக்கரம் வழுக்கல. அப்படியே பிடிச்சு நின்னுடுச்சு. நான் மட்டும் போய்ட்டேன்."

"நல்லாப் பிடிக்கிற சக்கரமா வாங்கினா அது பிடிக்காம என்ன செய்யும்? இதைச் சொல்லப் பல்காரன் வேணுமா?"

அண்ணி கையிலிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வழுக்கற டயர நான் கையால எடுத்து வாங்கறதா? மனசு வரல, தம்பி" என்றார்.

கை ஆறியதும் இருவரும் சேர்ந்து பலகைக் கடைக்குப் போனோம். இந்தத் தடவை அண்ணி கடைக்காரரைப் பேசவிட்டார். கெட்டியான சக்கரம், விளிம்பு உருண்டையாக இருக்க வேண்டும், அகலம் குறைவாக இருந்தால் நல்லது. அப்போதுதான் திருப்பினால் தரையை விட்டுக்கொடுக்கும். பலகை விறைப்பாக, தாழ்வாக, நடுவில் லேசாகக் குழிந்து இருந்தால் கால் இடம் மாறாது. தலைக்கவசம், முழங்கால் பட்டை, அடி தட்டையான ஷூ. கையுறையின் உள்ளங்கையில் பிளாஸ்டிக் வில்லை வைத்திருக்க வேண்டும், தோல் தரையோடு ஒட்டிக் கையை இழுத்துவிடும் என்றார் அவர். அண்ணி வீட்டுக்குப் போய், காய் நறுக்கும் பழைய பிளாஸ்டிக் பலகையை வட்டமாக அறுத்து, தோல் கையுறையில் பசை போட்டு ஒட்டினார். புதுச் சக்கரத்தின் மேல்தோல் தேயும் வரை அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்று கடைக்காரர் சொன்னபோது மட்டும், "புது டயரும் அப்படித்தான்" என்று தலையாட்டினார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

பழகியது ஒரு கிடங்கின் பின்பக்கச் சரிவில். கிடங்கு ஞாயிறு பூட்டியிருக்கும். லாண்டரிக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஒரு காலை நான் சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கிடங்குச் சுவருக்குப் பின்னால் மறைந்து நின்றேன். அண்ணி இறங்கினார், குனிந்தார், கையை வைத்தார், பலகை பாதி திரும்பியதும் பயந்துவிட்டார். பாதியில் பயந்தால் சக்கரம் மறுபடி பிடித்துக்கொள்ளும். விழுந்தார். எழுந்து, தூசி தட்டி, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். நாம் எல்லோரும் விழுந்தால் அப்படித்தான் பார்ப்போம். மறைந்து நின்ற என்னைத் தவிர அந்த இடத்தில் ஒரு ஈ காக்கை கிடையாது. அதற்குப் பிறகு ஏனோ அவர் மெதுவாக இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார். பலகையை எடுத்துக்கொண்டு மேலே நடந்தார்.

எனக்கு அழுகை வந்தது. வழக்கம்போல அது எரிச்சலாகத்தான் வெளியே வந்தது. வீட்டுக்கு வந்து என் மனைவியிடம், "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கத்தினேன். "அதை ஏன் எங்கிட்ட கத்தறீங்க?" என்றாள் அவள். நியாயம்தான்.

சாக்பீஸ் கோட்டுக்கு அண்ணி போன முதல் ஞாயிறு நானும் போனேன். அண்ணி வேகமாக வந்தார், திருப்பினார், பலகை சீறிக்கொண்டு வழுக்கியது, ஆனால் கோட்டைத் தாண்டித்தான் நின்றது. பிளாஸ்திரி குனிந்து பார்த்தாள். நூலளவுதான் தாண்டியிருந்தது. விட்டுவிடுவாள் என்று நான் நினைத்தேன்.

"அடுத்த வாரம் வாங்கக்கா. பயந்துட்டு முன்னாடி பாக்கறீங்க. திரும்பும்போது மேட்டைப் பாருங்க, வந்த வழியைப் பாருங்க. உடம்பு தானா திரும்பும்" என்றாள்.

"நூலளவுக்கு ஒரு வாரமா?" என்று நான் மூக்கை நுழைத்தேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த நூல்லதான் சார் முன்னாடி போற ஆளோட கால் இருக்கும்."

அண்ணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு மழை, அதற்கடுத்த ஞாயிறுதான் முடிந்தது. அண்ணி இறங்கி வந்தார். தாழ்ந்தார். கையை வைத்துக் கழுத்தைத் திருப்பி மேட்டைப் பார்த்தார். பலகை முழுதாகக் குறுக்கே வந்தது. சக்கரங்கள் கரகரவென்று வழுக்கின. கோட்டுக்கு இந்தப் பக்கம், நிதானமாக, நின்றது. யாரும் கைதட்டவில்லை. பிளாஸ்திரி ஷூவால் கோட்டை அழித்துவிட்டு, "வாங்க, மேல போலாம்" என்றாள்.

நான் கீழே லாண்டரி வாசலில் நின்றேன். ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். முதலில் பிளாஸ்திரி, அப்புறம் எனக்குத் தெரியாத முகங்கள். வந்தவர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணி வரவில்லை. நான் நகத்தைக் கடித்தேன். ஒருவர் தண்ணீர் குடித்தார், இன்னொருவர் முழங்கால் பட்டையை இறுக்கினார். கண் மட்டும் எல்லோருக்கும் வளைவில்தான். அப்புறம் அண்ணி வந்தார். வேண்டுமென்றே மெதுவாக வந்தது போல இருந்தது. அவர்களுக்கு முன்னால் சறுக்கி நின்றார். பிளாஸ்திரி கையைத் தூக்கினாள்.

"எல்லாரும் வந்தாச்சு."

அண்ணி தலைக்கவசத்தை உடனே கழற்றவில்லை. கொக்கி மாட்டிக்கொண்டதாகச் சொல்லிக்கொண்டு, முகத்தைத் திருப்பி வைத்து ரொம்ப நேரம் அதோடு போராடினார். நான் உதவிக்குப் போகவில்லை.

அவர்கள் கலைந்தார்கள். அண்ணிக்கு ஒரு பக்கம் பஸ், எனக்கு எதிர்ப்பக்கம். மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன், உடம்பு வலிக்கிறது என்றார். அவருடைய பஸ் வந்தது. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினார். அவர் படியில் நிற்கும்போது என் வாயில் அதுவாக வந்தது: "வீட்டுக்குப் போனதும் ஒரு போன் பண்ணுங்க அண்ணி." சரி என்று தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து குளித்தேன், சாப்பிட உட்கார்ந்தேன். போன் வரவில்லை. "தட்டைப் பாத்துச் சாப்பிடுங்க" என்றாள் மனைவி. இந்நேரம் அந்த பஸ் இரண்டு தடவை போய்த் திரும்பியிருக்கும். கை கழுவாமலே நான் கூப்பிட்டேன். அண்ணி எடுத்தார். பின்னால் ஏதோ பாத்திரச் சத்தம் கேட்டது.

"எப்ப வந்தீங்க?"

"நான் வந்து ரொம்ப நேரமாச்சே."

"போன் பண்ணச் சொன்னேனே?"

பாத்திரச் சத்தம் நின்றது.

"மறந்தே போச்சு தம்பி" என்றார். "வந்துட்டேன்னு யாருக்காவது சொல்ற பழக்கம் விட்டுப் போச்சு."

என் மனைவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சரி, இப்ப சொல்லுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"வந்துட்டேன்" என்றார் அண்ணி.