குளியலறைப் பைப்பும் என்ரை ரெண்டு கடிதமும்

போன மாரியிலைதான் எங்கடை குசினிப் பைப்பிலை தண்ணி மணக்கத் தொடங்கினது. சுவிசிலை, பீல் நகரத்திலை, நாலாம் மாடியிலை இருக்கிறம். பைப்பைத் திறந்தால் பாசி பிடிச்ச தொட்டி மாதிரி ஒரு மணம், தேத்தண்ணி போட்டால் மேலை ஒரு ஆடை. மனிசி முதல்லை தேயிலையிலை பிழை எண்டாள். பிறகு பாலிலை பிழை எண்டாள். கடைசியா, "எல்லாம் உங்களிலைதான் பிழை" எண்டாள். அவள் சொன்னதுக்குள்ளை அந்தக் கடைசிதான் சரி.

எங்கடை கட்டிடத்தைப் பாக்கிற அப்வார்டும் ஒரு தமிழ் ஆள்தான், மட்டக்களப்புப் பக்கம். படி துடைக்கிறது, பனி தள்ளுறது, நிலவறையிலை தண்ணி உள்ளை வாற இடத்திலை இருக்கிற வடிகட்டியைக் கழுவுறது எல்லாம் அவற்றை பொறுப்பு. அவர் இருந்த கீழ்வீடும் வேலையோடை குடுத்தது. வேலை போனால் வீடும் போகும். இது எனக்கு வடிவாத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் எல்லாம் செய்தனான்.

என்னை "அண்ணே" எண்டு மரியாதையாத்தான் கூப்பிடுவார். நானும் "தம்பி" எண்டுவன், ஆனால் அந்தத் தம்பியிலை பாசத்தைவிட அதிகாரம்தான் கூட. "மறுகா வாறன் அண்ணே" எண்டு சொல்லிப்போட்டு அவர் இறங்கிப் போக, நான் கதவைச் சாத்திப்போட்டு, பிறகு எண்டதுக்கு அவை சொல்லுற அந்த "மறுகா, மறுகா"வை நெளிச்சுக் காட்டுவன். மனிசி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஒருக்கால் உடுப்புத் தோய்க்கிற அறைத் திறப்பு வாங்க அவற்றை வீட்டை போனன். கூடையைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கினதிலை நாக்கு வறண்டு போச்சு. அவற்றை மனிசி நான் கேக்காமலே கண்ணாடிக் கோப்பையிலை தண்ணி கொண்டுவந்து நீட்டினா. "வேண்டாம் தங்கச்சி, இப்பதான் குடிச்சிட்டு வாறன்" எண்டன். பச்சைப் பொய். என்ன ஆக்கள் எண்டு தெரியாத வீட்டிலை தண்ணி வாய் வைக்கிறேல்லை எண்டது எங்கடை வீட்டுப் பழக்கம். வந்த புதுசிலை டாவோசிலை ஹோட்டல் குசினியிலை ஊர்பேர் தெரியாத சனத்தின்ரை எச்சில் கோப்பையெல்லாம் கழுவினவன் நான். இந்தப் பழக்கத்தை மட்டும் கழுவேல்லை. அவ கோப்பையைத் திருப்பி உள்ளை கொண்டு போனா.

தண்ணி மணக்குது எண்டு நான் போய்ச் சத்தம் போட, அண்டு பின்னேரமே அந்த மனிசன் மேலை வந்தார். குசினிப் பைப்பைத் திறந்து மணந்து பாத்தார்.

"குளியலறைப் பைப்பில குடிச்சுப் பாத்தீங்களா அண்ணே? அங்கயும் மணக்குதா?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "கக்கூசுக்குப் பக்கத்திலை இருக்கிற பைப்பிலை ஆரப்பா தண்ணி குடிக்கிறது? உங்கடை வீட்டிலை குடிக்கிறனீங்களோ?"

அவற்றை முகம் சுருங்கிப் போச்சு. "ரெண்டும் ஒரே குழாயில வாற தண்ணிதான் அண்ணே. ஒண்டு மணந்து மற்றது மணக்காட்டிப் பிழை எங்க எண்டு தெரிஞ்சிரும். கோப்பை கழுவுற தொட்டிக்குக் கீழ ஒருக்காப் பாக்கட்டா?"

"அங்கை அரிசிப் பையள் கிடக்குது. நீர் முதல்லை கீழை போய் உம்மடை வடிகட்டியைக் கழுவும்" எண்டு கலைச்சு விட்டன்.

அதோடை விட்டனானோ? இல்லை. கட்டிடத்தை நிர்வாகம் செய்யிற கந்தோர், வெர்வால்டுங்குக்குக் கடிதம் போட்டன். அப்வார்ட் வடிகட்டியைக் கழுவுறேல்லை, எங்களுக்கு வயித்துக்கு ஒத்துவருதில்லை எண்டு. வீட்டிலை ஒருத்தருக்கும் ஒரு வயித்துக்குத்தும் வரேல்லை. மறுமொழி வரப் பிந்தினதாலை ரெண்டாவதும் போட்டன். அதிலை, படியும் ஒழுங்காத் துடைக்கிறேல்லை எண்டு ஒரு வரியைச் சேர்த்து விட்டன். மகள்தான் டொச்சிலை, அதுதான் ஜெர்மனிலை, எழுதித் தந்தவள்.

"அப்பா, அவர் கழுவாததை நீங்கள் கண்டனீங்களோ?" எண்டு கேட்டாள்.

"சொல்லுறதை எழுது" எண்டன்.

பிறகு, நகரத் தண்ணிப் பகுதி ஆள் காலமை பத்து மணிக்கு வந்து பாப்பார் எண்டு அறிவிச்சாங்கள். அண்டைக்கு ஒன்பதரைக்கே அப்வார்ட் வந்திட்டார். என்னைக் கேக்காமல் நேரை குளியலறைக்குப் போய், பைப்பைத் திறந்து கையிலை ஏந்திக் குடிச்சார். "நல்ல தண்ணி அண்ணே, நீங்களும் பாருங்க" எண்டார். அருவருத்துக்கொண்டு ஒரு வாய் வைச்சன். பச்சைத் தண்ணி, குளு குளு எண்டு இருந்தது. ஒரு மணமும் இல்லை.

குசினிக்கு வந்து குந்தியிருந்து அரிசிப் பையளை இழுத்து வெளியிலை வைச்சார். பின்னாலை இருந்துது பில்டர்.

ஐயோ, அந்தப் பில்டர்! என்ரை சகலன் கொண்டுவந்து பூட்டினது. ஒரு நாள் எங்கடை வரவேற்பறையிலை வைச்சு, பைப் தண்ணிக்குள்ளை ரெண்டு கம்பியை விட்டுக் கறண்ட் குடுத்து, தண்ணியைச் சேறாக்கிக் காட்டினவன். "இதைத்தானே குடிக்கிறியள்" எண்டான். மண்ணிறம் தண்ணியிலை இல்லை, கம்பியின்ரை இரும்பிலை எண்டு மகள் கனநாளைக்குப் பிறகுதான் சொன்னாள். ஆறு மாதத்துக்கு ஒருக்கால் உள்ளுக்குள்ளை இருக்கிறதை மாத்தவேணும், அதைக் கொண்டுவந்து மாத்திறதும் அவன்தான். ஆனால் அவன்ரை மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டிலை எங்களைப் படம் எடுக்க மேடைக்குக் கூப்பிடேல்லை. அண்டையிலையிருந்து கதை பேச்சு இல்லை. ஒரு பில்டருக்காக நான் அவனுக்குப் போன் எடுக்கிறதோ? எனக்கு மானம் மரியாதை இல்லையோ? அப்பிடியே அரிசிப் பையை முன்னாலை வைச்சு மறந்தும் போனன். மூண்டு வருசம்.

அப்வார்ட் அதைக் கழட்டித் திறந்தார். உள்ளுக்குக் கறுப்பா, வழுவழு எண்டு, மூக்கை அரிக்கிற மணம். இவ்வளவு நாளும் அதுக்குள்ளாலை வந்ததைத்தான் நாங்கள் குடிச்சிருக்கிறம். அவர் பில்டரை ஒரு பையிலை போட்டுக் கட்டினார், குழாயை நேரை பைப்போடை பூட்டினார், கனநேரம் தண்ணியைத் திறந்து ஓடவிட்டார். குடிச்சுப் பாத்தார். "சரி அண்ணே" எண்டார்.

பத்து மணிக்குத் தண்ணிப் பகுதி வெள்ளைக்காரர் வந்தார். நிலவறையிலையும் பாத்தார், குசினியிலையும் பாத்தார். எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அப்ப என்ன பிரச்சினை இருந்தது எண்டு கேட்டார். நான் வாயைத் திறக்கிறதுக்கு முதல் அப்வார்ட் சொன்னார்: பைப் வாயிலை இருக்கிற சின்னச் சல்லடை அடைச்சிருந்தது, தான்தான் அதை நேரத்துக்குக் கழட்டிக் கழுவியிருக்க வேணும் எண்டு. வெள்ளைக்காரர் அதை எழுதினார்.

ஒரு வசனம் காணும். என்ரை பில்டர்தான் பிழை எண்டு. அந்தளவு டொச் எனக்குத் தெரியும். நான் தலையை ஆட்டிக்கொண்டு நிண்டன். தூ, நானும் ஒரு மனிசன்.

வெள்ளைக்காரர் போனாப் பிறகு ஏன் அப்பிடிச் சொன்னனீர் எண்டு அப்வார்டிட்டைக் கேட்டன். "வெள்ளைக்காரனுக்கு முன்னால நம்மட ஆளை விட்டுக் குடுக்கேலாதே அண்ணே. சின்ன விசயம்தானே" எண்டு சிரிச்சார். என்ரை ரெண்டு கடிதமும் போயிருக்கு எண்டு அந்த மனிசனுக்கு அப்ப தெரியாது.

வெர்வால்டுங்குக்கு அந்தக் குறிப்பும் என்ரை கடிதங்களும் போதுமா இருந்தது. வேலையாலை நிப்பாட்டினாங்கள். நிப்பாட்டின கடிதத்திலை, நாலாம் மாடியிலையிருந்து வந்த முறைப்பாடு எண்டு தெளிவா இருந்ததாம். நடந்ததைச் சொல்லி மூண்டாவது கடிதம் போடுவம் எண்டு மகள் கேட்டாள், நான் ஓம் எண்டன். எழுதியும் தந்தாள். அனுப்பேல்லை. வெர்வால்டுங்கைக் கேட்டுப் பூட்டாத பில்டர், பிரச்சினை வரும் எண்டு அவளுக்குச் சொன்னன். உண்மை என்னெண்டால், கதை வெளியிலை போய்ச் சகலன் கேட்டுச் சிரிப்பான் எண்ட பயம். இவ்வளவுதான் என்ரை பெரிய காரணம்.

ரெனான் எண்ட ஊரிலை இருக்கிற தன்ரை மச்சான் வீட்டுக்குப் போறதுக்கு அப்வார்ட் வான் பிடிச்சிருந்தார். நானும் இறங்கிப் போய்ச் சாமான் தூக்கினன். அவர் வேண்டாம் எண்டும் சொல்லேல்லை, வாங்கோ எண்டும் சொல்லேல்லை. வெய்யில். ரெண்டு பேரும் வேர்த்து ஒழுகி நிண்டம். என்ரை மனிசி மேலையிருந்து, வாற பெரிய ஆக்களுக்கு எண்டு வைச்சிருக்கிற வெள்ளிச் செம்பிலை தண்ணி கொண்டுவந்தாள். நான்தான் அதை வாங்கி அவரிட்டை நீட்டினன்.

அவர் செம்பைப் பாத்தார், என்னைப் பாத்தார். உதடு காய்ஞ்சு வெடிச்சுக் கிடந்தது.

"வேணாம் அண்ணே. இப்பதான் வீட்டில குடிச்சிட்டு வாறன்."

சொல்லிப்போட்டு வானிலை ஏறினார். அவற்றை வீட்டிலை ஒரு கோப்பைகூட மிச்சம் இல்லை. கோப்பைப் பெட்டியை முதல் ஆளாத் தூக்கி வானிலை ஏத்தினது நான்.